குரூப் தெரபிக்குப் போகச் சொல்கிறார் டாக்டர், உள்ளே என்னதான் நடக்கும்?

கடைசிபெஞ்ச்:
வணக்கம். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். ஆபீஸில் மீட்டிங் என்றாலே லீவு. சோஷியல் ஆங்சைட்டி என்று சொல்லி, மாத்திரையோடு குரூப் தெரபிக்கும் பெயர் கொடுக்கச் சொல்கிறார் மனநல மருத்துவர். கூட்டத்துக்குப் பயப்படுகிறவனைக் கூட்டத்திலேயே கொண்டுபோய் உட்கார வைப்பது என்ன வைத்தியம்? முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டணுமா? எங்களுடையது சின்ன ஊர், விஷயம் வெளியே போகாதா?

தெளிநீர்:
பயம் வரும் இடத்திலேயே வேலை நடக்கிறது, அதுதான் இதன் பலம். "நான் பேசினால் சிரிப்பார்கள்" என்று தெரபிஸ்டிடம் தனியாகச் சொன்னால் அது பேச்சோடு போய்விடும். குழுவில் அங்கேயே சோதித்துப் பார்க்கலாம்.

நேராக உள்ளே தள்ளிவிட மாட்டார்கள். முதலில் தனியாக அரை மணி, முக்கால் மணி பேசுவார்கள். லீபோவிட்ஸ் அளவுகோல் என்று 24 சூழ்நிலைகள் கொண்ட கேள்வித்தாள் ஒன்று உண்டு. அதை நிரப்பச் சொன்னால் கூச்சப்படாமல் உண்மையை எழுதுங்கள். கடைசியில் அதே தாளைக் கொடுத்துத்தான் ஒப்பிடுவார்கள். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்களை அந்த நேரத்தில் குழுவில் சேர்க்காமல் தனியாகப் பார்ப்பது வழக்கம். அப்படி எண்ணம் இருந்தால் இந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பிரச்சினைக்கென்றே அமெரிக்காவில் உருவான பாடத்திட்டத்தில் ஆறு பேர், இரண்டு தெரபிஸ்ட், வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம், 12 வாரம். ஒன்றரை மணியாகச் சுருக்கி நடத்துவதும் உண்டு. தொடங்கிய பிறகு புது ஆள் சேர்க்காத மூடிய குழுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு புது முகம் வந்தால் உங்களுக்குக் கூடுதல் சிரமம்.

முதல் நாள் விதிமுறை, பெயர், என்ன கஷ்டம் என்று ஒரு சுற்று. இரண்டு வாக்கியம் போதும். "இன்னைக்கு வேண்டாம்" என்றாலும் யாரும் வற்புறுத்தக் கூடாது.

அடுத்து, பயப்படும் சூழ்நிலைகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவீர்கள். உதாரணமாக, கடையில் பொருளைத் திருப்பிக் கொடுப்பது 40, மேனேஜரிடம் லீவு கேட்பது 55, பத்துப் பேர் முன் பிரசன்டேஷன் 90. நடுவில் உள்ளதில் தொடங்குவார்கள். குழுவில் ஒருவர் மேனேஜராக நடிப்பார். ஆரம்பிக்கும் முன் உங்கள் எண்ணத்தைப் பலகையில் எழுதுவார்கள்: "கை நடுங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள்." நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை "இப்போ எவ்வளவு?" என்று கேட்பார்கள், எண்ணை மட்டும் சொல்லிவிட்டுத் தொடரணும். முடிந்ததும் சுற்றி இருப்பவர்களிடம் யார் நடுக்கத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். உள்ளே உணர்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்பதை டாக்டர் சொல்வதைவிட எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால்தான் மனம் ஏற்கும்.

இங்கே கெடுவது ஒரே இடத்தில். பேசும் வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது, கையைப் பாக்கெட்டில் மறைப்பது, கண்ணைப் பார்க்காமல் முடிப்பது. அப்படிச் செய்தால் "மறைத்ததால்தான் தப்பித்தேன்" என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும், அடுத்த முறை மதிப்பெண் இறங்காது. தினசரி வீட்டுப்பாடமும் உண்டு. அதைச் செய்யாமல் 12 வாரமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதில் பெரிய பலன் கிடையாது.

வைகைக்கரை:
ரகசியம் பற்றிக் கேட்டதற்கு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை தருபவரைக் கட்டுப்படுத்தும். சக உறுப்பினரைக் கட்டுப்படுத்துவது அந்த அறையில் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான். அதனால் தனிப்பேச்சின்போதே, "தெரிந்தவர் யாராவது குழுவில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். சொந்தக்காரர், ஒரே ஆபீஸ் என்றால் வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லலாம். பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போவதும் தப்பில்லை. ஊர், கம்பெனிப் பெயர் சொல்லாமலே பேச முடியும்.

தெரபிஸ்டும் மௌனமாக இருக்க முடியாத இடங்கள் உண்டு: உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு, குழந்தை மீதான பாலியல் குற்றம். போக்சோ சட்டப்படி கடைசியதைத் தெரிவித்தே ஆகணும்.

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சேராதீர்கள். ஸ்கிரீன்ஷாட் ஒரு பக்கம். அறையில் பேசவேண்டியதை இரண்டு பேர் இரவில் பேசித் தீர்த்துவிட்டு, மறு வாரம் வந்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள், அது இன்னும் மோசம்.

நம் ஊர் வியாதி ஒன்றும் இருக்கிறது: அறிவுரை. "கல்யாணம் பண்ணா சரியாயிடும்", "காலையில யோகா பண்ணுங்க தம்பி". பெரியவர் பேசினால் குறுக்கிட மாட்டோம், ஒருவரே அரை மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடுவார். நிறுத்துவது தெரபிஸ்டின் வேலை. இரண்டு மூன்று வாரம் ஆகியும் நிறுத்தவில்லை என்றால் நடத்துபவர் சரியில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு இருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கடைசிபெஞ்ச்:
நன்றி இருவருக்கும். குடியை விடுபவர்களின் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் மாதிரிதான் இருக்கும் என்று நண்பன் சொன்னானே? பிடிக்கவில்லை என்றால் பாதியில் நின்றுவிடலாமா?

தெளிநீர்:
இரண்டும் வேறு. ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. குடியிலிருந்து மீள்பவர்களே நடத்திக்கொள்வது, தெரபிஸ்ட் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பதுதான் அங்கே வழக்கம். உங்கள் குழுவில் பதில் சொல்வதும், நடித்துப் பார்ப்பதும்தான் சிகிச்சையே.

எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் முதல் மூன்று நான்கு வாரம் எல்லோருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு "ஏன் அப்படிச் சொன்னேன்" என்று தூக்கம் வராமல் புரளும் இரவும் வரும். உங்கள் பிரச்சினையே அதுதான் என்பதால், அடுத்த செஷனில் முதல் ஆளாக அதைச் சொல்லுங்கள். நிற்பதாக இருந்தாலும் போனை எடுக்காமல் மறையாமல், ஒருமுறை வந்து சொல்லிவிட்டு நில்லுங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

வைகைக்கரை:
நடுராத்திரியில் ரொம்ப முடியவில்லை என்றால் அடுத்த வாரக் குழுவுக்குக் காத்திருக்காதீர்கள். 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பெயர் கொடுக்கும்போது கட்டணம் வாரா வாரமா, மொத்தமாகவா, வராத வாரத்துக்கும் உண்டா என்று கேட்டு வையுங்கள். லேட்டானால் உள்ளே விடுவார்களா என்பதையும். சில குழுக்களில் பத்து நிமிடம் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள்.