மறு: டைரக்டர் ஆஃப் ஃபுட்பால் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

டைரக்டர் ஆஃப் ஃபுட்பால் என்பவர் கால்பந்து கிளப்பில் வீரர்களை வாங்குவது, விற்பது, அணியை நீண்டகாலத்துக்கு அமைப்பது ஆகியவற்றைப் பார்ப்பவர்; ஆட்டத்துக்கு வீரர்களைத் தேர்ந்து ஆடவைப்பவர் மேலாளர். முன்னவரின் பதவிக்கு இந்த இழையில் இதுவரை வந்திருக்கும் தமிழ்ச் சொற்கள்: கால்பந்து இயக்குநர், விளையாட்டு இயக்குநர், அணிப் பொறுப்பாளர், கால்பந்துப் பணிப்பாளர். அவற்றுக்குப் போகுமுன் மதுரை அண்ணனின் மடலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் மறுப்பது சொல்லை அல்ல, பதவியையே.

> மேலாளர் ஒருவர் இருக்கும்போது அவர் தலைக்கு மேல் இன்னொருவரை உட்கார வைத்தால் சண்டைதான் வரும். நியூகாசிலில் கீகனுக்கு நடந்தது போதாதா? கிளப்புகளே கைவிடப்போகிற பதவிக்கு நாம் ஏன் சொல் தேடவேண்டும்?

அண்ணா, கீகனுக்கு நடந்தது அநியாயம்தான். 2008இல் இங்கிலாந்தின் நியூகாசில் கிளப், கெவின் கீகன் மேலாளராக இருந்தபோது, டென்னிஸ் வைஸைக் கால்பந்து விவகாரங்களுக்குப் பொறுப்பாக்கியது. இக்னாசியோ கொன்சாலஸ் என்ற உருகுவே வீரரைக் கடனாக எடுக்கப் போகிறோம், அவர் ஆட்டத்தை யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலாளருக்குச் சொல்லப்பட்டது. கீகன் வேண்டாம் என்றார். வீரர் வந்துவிட்டார். செப்டம்பரில் கீகன் விலகினார். மறு ஆண்டு தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்று, 20 லட்சம் பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது. கீகன் விலகிய அதே 2008 செப்டம்பரில் வெஸ்ட் ஹாம் கிளப்பின் மேலாளர் ஆலன் கர்பிஷ்லியும் தன் சம்மதம் இல்லாமல் வீரர்களை விற்றார்கள் என்று விலகினார். அவரும் வழக்கில் வென்றார்.

ஆனால் இரண்டு இடத்திலும் தவறு எங்கே நடந்தது என்று பாருங்கள். வேலைக்கு அழைக்கும்போது வீரர்கள் விஷயத்தில் கடைசிச் சொல் உங்களுடையது என்றார்கள், அப்புறம் அந்தச் சொல்லை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வேறு ஒருவருக்கு எந்தப் பட்டம் கொடுத்திருந்தாலும் இதே சண்டைதான் வந்திருக்கும்.

பதவி ஓடுமா ஓடாதா என்பதற்கு எனக்குத் தெரிந்து செவியாவையும் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமையும் விடப் பொருத்தமான இணை இல்லை. 2000இல் ஸ்பெயினின் செவியா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது, கையில் பணமும் இல்லை. அப்போது ஓய்வு பெற்ற தங்கள் கோல்கீப்பர் மோன்சியை இந்தப் பொறுப்பில் வைத்தார்கள். அவர் 2017 வரை இருந்தார். அதற்குள் எத்தனையோ பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். பிரேசிலின் பஹியாவில் இருந்து வந்த டானி ஆல்வெஸ் 2008இல் பார்சிலோனாவுக்குப் போனார். செவியாவிலேயே வளர்ந்த செர்ஹியோ ராமோஸ் 2005இல் ரியல் மாட்ரிட் போனார். ஒவ்வொரு விற்பனைப் பணத்திலும் அடுத்த ஆள் வந்தார். 2006, 2007இல் ஐரோப்பிய அளவிலான யூஈஎஃப்ஏ கோப்பை, 2014, 2015, 2016இல் அதே போட்டியின் புதுப் பெயரான யூரோப்பா லீக். முதல் இரண்டையும் வென்ற பயிற்சியாளர் ஹுவாண்டே ராமோஸ், பின் மூன்றையும் வென்றவர் உனாய் எமெரி. அணியைக் கட்டிய ஆள் ஒருவரே.

இப்போது அதே ஹுவாண்டே ராமோஸைப் பின்தொடருங்கள். 2007 அக்டோபரில் டாட்டன்ஹாம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே மோன்சியின் இடத்தில் டேமியன் கொமொலி. அடுத்த கோடையில் முன்வரிசை வீரர்களான ராபி கீனும், வீரர்களை வாங்கி விற்கும் காலத்தின் கடைசி நாளில் பெர்பட்டோவும் விற்கப்பட்டார்கள். முன்வரிசை காலியாக, முதல் 8 லீக் ஆட்டங்களில் 2 புள்ளிகள்தான் கிடைத்தன. 2008 அக்டோபரில் ராமோஸ், கொமொலி இருவரையும் நீக்கிவிட்டு, இந்தப் பதவியே வேண்டாம் என்று ஹாரி ரெட்நேப்பைப் பழைய பாணி மேலாளராகக் கொண்டுவந்தார்கள். அணி உடனே எழுந்தது. பத்திரிகைகள் எல்லாம், பார்த்தீர்களா, இங்கிலாந்துக்கு இது ஒத்துவராது என்று எழுதின. அண்ணன் சொல்வதும் அதுதான்.

சரி, ரெட்நேப் எந்த வீரர்களை வைத்து எழுந்தார்? 2009–10இல் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக் போன அந்த அணியில் மோட்ரிச் இருந்தார், கேரத் பேல் இருந்தார். இருவரும் கொமொலி காலத்தில், பேல் 2007லும் மோட்ரிச் 2008லும், வாங்கப்பட்டவர்கள். பின்னாளில் இருவருமே ரியல் மாட்ரிட் போனார்கள். 2013இல் பேல் போனது அன்றைய உலகச் சாதனை விலைக்கு. கொமொலி விற்ற விதத்தில் குறை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் நட்ட மரத்தின் பழத்தை, அவரை வெளியே அனுப்பிய பிறகுதான் கிளப் பறித்தது.

என் வாதம் முழுக்க இதில்தான் நிற்கிறது. மேலாளருக்குச் சனிக்கிழமை ஆட்டம் முக்கியம். இன்று ஜெயிக்க வேண்டுமென்றால் 30 வயது அனுபவசாலியைக் கேட்பார், அதில் தப்பில்லை. தோற்றால் அவர் வேலை போய்விடும். ஆனால் அவர் போன பின்னும் அந்த வீரரின் ஒப்பந்தம் கிளப்பின் தலையில் இருக்கும். மேலாளர்கள் வந்து போவது இவ்வளவு வேகமாகிவிட்ட காலத்தில், போகாமல் இருந்து அடுத்த நான்கைந்து ஆண்டுக்கு அணியைப் பார்க்க ஒருவர் வேண்டும். 2013இல் மேலாளர் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பின் மான்செஸ்டர் யுனைடெட்டில் 2021 வரை இந்தப் பதவி இல்லை. அடுத்தடுத்து வந்த மேலாளர்கள் மோயஸ், வான் கால், மொரீன்யோ, சோல்ஷேர் என ஆளுக்கொரு பாணி, ஆளுக்கொரு கொள்முதல். ஒருவருக்காக வாங்கியவர் அடுத்தவருக்குப் பொருந்தவில்லை. இந்தப் பதவி உள்ள லிவர்பூலிலோ, 2024இல் மேலாளர் கிளாப் போனபோது அணி அப்படியே நின்றது. அவருக்கு அடுத்து வந்த ஆர்னெ ஸ்லாட் ஏறக்குறைய அதே வீரர்களை வைத்து 2024–25 லீக்கை வென்றார்.

அதற்காக நாற்காலியைப் போட்டாலே நல்லது நடக்கும் என்று சொல்லவில்லை. மோன்சியே ரோமாவுக்குப் போய் இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. யுனைடெட் 2024 ஜூலையில் கொண்டுவந்த டான் ஆஷ்வொர்த் டிசம்பரில் வெளியேறினார். ஐந்து மாதத்தில் யாராலும் அணி கட்ட முடியாது. ஆனால் கைவிடப்போகிற பதவி என்பதை ஏற்க முடியவில்லை. இத்தாலியில் இதற்குக் கால்பந்துக் கூட்டமைப்பே படிப்பும் தேர்வும் பதிவேடும் வைத்திருக்கிறது. பிரீமியர் லீக்கிலும் பெரும்பாலான கிளப்புகளில் இப்போது ஏதோ ஒரு பெயரில் இந்த ஆள் உண்டு.

ஏதோ ஒரு பெயரில் என்பதுதான் நம் சிக்கல். ஆர்சனலில் எடு காஸ்பர் என்பவர் 2019இல் டெக்னிக்கல் டைரக்டர், 2022இல் ஸ்போர்ட்டிங் டைரக்டர். பெரும்பாலும் அதே வேலை. வைஸின் பட்டத்தில் எக்சிகியூட்டிவ் என்ற சொல்கூட இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர்த்தால் தொழில்நுட்ப இயக்குநர், செயல் இயக்குநர் என்று தமிழில் ஐந்தாறு பேர் முளைப்பார்கள், வாசகருக்கு ஒருவரையும் அடையாளம் தெரியாது. பட்டங்கள் எத்தனை இருந்தாலும் வேலை ஒன்று என்றால் நமக்குச் சொல்லும் ஒன்று போதும்.

இனி பரிந்துரைகள். 'இயக்குநர்' என்றதும் நம் ஊரில் சினிமாதான் முதலில் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய இடைஞ்சல், கிளப்புகள் நிறுவனங்கள், அவற்றின் இயக்குநர் குழுவில் இருப்பவர்களும் இயக்குநர்களே. 'கிளப்பின் இயக்குநர் விலகல்' என்று தலைப்புப் போட்டால் முதலாளி போனாரா, வீரர்களை வாங்குகிறவர் போனாரா என்று தெரியாது. 2017இல் அன்றைய ஆர்சனல் மேலாளர் வெங்கரே இந்தப் பட்டத்தைக் கேட்டு, அப்படி என்றால் என்ன, ரோட்டில் நின்று வீரர்களை இடது வலது என்று திருப்பிவிடுகிறவரா என்று கேட்டார். மூலத்திலேயே தெளிவில்லாத பட்டத்தை அப்படியே பெயர்த்தால் தெளிவின்மையும் சேர்ந்தே வரும்.

'விளையாட்டு இயக்குநர்' கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களோடு குழம்பும். 'அணிப் பொறுப்பாளர்' என்றால் கிரிக்கெட் சுற்றுப்பயணத்தில் பயண ஏற்பாடு பார்க்கிறவர் என்று நினைப்பார்கள்.

> இலங்கையில் பணிப்பாளர் என்பதுதான் வழக்கு. மாகாணக் கல்விப் பணிப்பாளர் என்று சொல்வதுபோல் கால்பந்துப் பணிப்பாளர் என்று சொன்னால் எங்களுக்கு உடனே விளங்கும்.

விளங்கும் நண்பரே, ஆனால் திணைக்களத் தலைவராக, அதாவது அரசுத் துறைத் தலைவராக, விளங்கும். மேலாளரும் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி என்ற தோற்றம் வரும். அண்ணன் எதிர்க்கிற அந்தத் 'தலைக்கு மேல்' என்ற எண்ணத்தை நாமே சொல்லுக்குள் வைத்துவிடுவோம்.

என் பரிந்துரை 'அணியாக்குநர்'. அணியை ஆக்குகிறவர். யார் பெரியவர் என்று இந்தச் சொல் பேசவில்லை, என்ன வேலை என்று மட்டும் சொல்கிறது. வீரர்களை வாங்குவது, விற்பது, இளையோரை மேலே கொண்டுவருவது எல்லாம் இதில் அடங்கும். பயிற்சியாளரைத் தேடிப் பிடிப்பதும் அணியை ஆக்குவதில் ஒரு பகுதிதான். 'அணியாக்கம்' என்று தொழிலுக்கும் பெயர் கிடைக்கிறது. உச்சரிப்பு இயக்குநருக்குப் பக்கத்தில் இருப்பதால் புதிதாகவும் உறுத்தாது. ஆடும் பதினொருவரைத் தேர்வு செய்கிற பயிற்சியாளரும் அணியை ஆக்குகிறவர்தானே என்று கேட்கலாம். அதற்கு 'அணித் தேர்வு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அது அவருக்கு இருக்கட்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் முடிவு செய்தால் நல்லது. மேலாளர், தலைமைப் பயிற்சியாளர் இரண்டையும் நம் பத்திரிகைகள் மாற்றி மாற்றிப் போடுகின்றன. லிவர்பூலில் கிளாப் மேலாளராக இருந்தார், ஸ்லாட் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஆர்சனலில் ஆர்டேட்டா 2020இல் தலைமைப் பயிற்சியாளரில் இருந்து மேலாளர் ஆனார். பட்டம் மாறும்போது பொதுவாக அணியாக்கத்தில் அவருக்குள்ள பங்கும் மாறுகிறது. அதனால் மூலத்தில் எந்தப் பட்டமோ அதையே தமிழிலும் எழுத வேண்டும். முகாமையாளர் என்று எழுதுகிற இலங்கை நண்பர்கள் அப்படியே எழுதட்டும், அதில் குழப்பம் இல்லை.

சொற்பட்டியலில் சேர்க்க இந்த வடிவத்தை முன்வைக்கிறேன்:

அணியாக்குநர் – கிளப்பின் நீண்டகால அணி அமைப்புக்குப் பொறுப்பானவர். 'செவியாவின் அணியாக்குநராக மோன்சி 2000இல் பொறுப்பேற்றார்.'

அணியாக்கம் – அந்தப் பணி. 'அணியாக்கத்தில் கடைசிச் சொல் யாருடையது என்பதில் மேலாளருக்கும் கிளப்புக்கும் தகராறு.'

யகரம் இல்லாமல் 'அணி ஆக்குநர்' என்று பிரித்து எழுதலாமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்குச் சேர்த்து எழுதுவதே பிடித்திருக்கிறது. அண்ணா, உங்கள் மறுப்பு இன்னும் இருந்தால் டாட்டன்ஹாம் விஷயத்தில் இருந்தே தொடங்குங்கள், பேசுவோம்.