ரைக்ஸ்டாக் கொடிப் படம்: ஆவணமா, விளம்பரமா?

இருட்டறைவாசி:
பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கின் உச்சியில் சோவியத் வீரர் செங்கொடி பிடிக்கும் படத்தை 'போரின் ஆகச்சிறந்த ஆவணம்' என்கிறார்கள். எதற்கு ஆவணம்? அங்கே முதலில் கொடி ஏறியது 1945 ஏப்ரல் 30 இரவில். அதைப் படமெடுக்க ஆளில்லை. சோவியத் புகைப்படக்காரர் எவ்கேனி கல்தேய் இந்தப் படத்தை எடுத்தது மே 2 அன்று. கொடியும் அவரே மாஸ்கோவிலிருந்து கொண்டுவந்தது, மேசைவிரிப்புத் துணியில் தைத்தது! அங்கிருந்த வீரர்களை ஏறி நிற்கச் சொல்லி எடுத்தார். மொட்டைமாடியில் எடுத்த ஸ்டூடியோ படம், அவ்வளவுதான்.

தேன்மொழி:
ஸ்டூடியோவில் பின்னால் படுதா தொங்கும். இங்கே இடிந்த பெர்லின் கிடக்கிறதே, அதை யார் ஏற்பாடு செய்தது? படத்தின் தரத்தையும் பாருங்கள். அவர் பயன்படுத்திய லைக்கா கேமராவின் 35 மி.மீ. நெகட்டிவ் சின்னது. அதற்குள் விளிம்பில் தொற்றி நிற்கும் வீரர், கூரைச் சிலைகள், கீழே தெருவில் போகும் ஆட்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. எவ்வளவு உயரம் என்று கேட்காமலே தெரிகிறது. கொடி மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர் இப்படி எடுக்கமாட்டார்.

இருட்டறைவாசி:
அந்தப் பின்னணியில்தானே பிறகு புகையைச் சேர்த்தார்? கீழே நின்று தாங்கிப் பிடிப்பவரின் இரண்டு கையிலும் கடிகாரம் இருந்தது. கொள்ளையடித்தது போலத் தெரியும் என்று ஒன்றைச் சுரண்டி எடுத்தபிறகுதான் மே 13 'அகன்யோக்' இதழில் படம் வந்தது. எடுத்தவரே திருத்திய படத்தைச் சாட்சி என்று எப்படி ஏற்பது?

தேன்மொழி:
அந்தச் சுரண்டல்தான் எனக்கு முக்கியம். அது கடிகாரம் அல்ல, திசைகாட்டி என்றும் சிலர் சொல்கிறார்கள். எதுவாகவும் இருக்கட்டும். சுரண்டாத பிரதியும் இருக்கிறது, சுரண்டியதும் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வென்ற அரசு எதை மறைக்க நினைத்தது என்று தெரிகிறது. இதை எந்த ராணுவ அறிக்கை சொல்லும்?

பழையதாள்:
இருவரும் படத்தையே பார்க்கிறீர்கள், கீழே இருக்கும் வரியைப் பாருங்கள். கொடி பிடித்தவரின் முகம் சரியாகத் தெரியாது. அது வசதியாகப் போயிற்று! கொடி ஏற்றியவர்கள் என்று அரசு கொண்டாடிய இருவரில் யெகோரோவ் ரஷ்யர், காந்தாரியா ஸ்டாலினைப் போல ஜார்ஜியர். அந்தப் பெயர்கள்தான் வெகுகாலம் இந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. உண்மையில் கொடி பிடித்தவர் கீவைச் சேர்ந்த கோவல்யோவ், கூட நின்றவர்களில் ஒருவர் தாகெஸ்தானின் இஸ்மாயிலோவ். கல்தேய் பாவம், 1948இல் அவரையும் சோவியத் செய்தி நிறுவனமான டாஸ் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

இருட்டறைவாசி:
அப்படியானால் 'மே 2, ஏற்பாடு செய்து எடுத்தது' என்று போட்டே அச்சிடட்டும்.

தேன்மொழி:
தாராளமாக. அதே 1945இல் ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி ஏற்றுவதை அமெரிக்கப் புகைப்படக்காரர் ரோசந்தால் எடுத்ததும் அன்றைக்கு ஏறிய இரண்டாவது கொடிதான். அதையும் எழுதச் சொல்வீர்களா?

இருட்டறைவாசி:
எழுதட்டும். ஆனால் அந்த அமெரிக்க வீரர்கள் தாங்களாகவே கொடியை மாற்றினார்கள், ரோசந்தால் எடுத்தார். யாரையும் நிற்கச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.