புனையுயிரா, புனைமெய்யா?

வணக்கம் ஐயா.

இல்லாத விலங்குக்கு நம்பும்படியாக எலும்பும் தசையும் அமைக்கும் வேலைக்கு 'கற்பனை உடற்கூற்றியல்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒட்டவில்லை. கற்பனை அந்த உயிரில்தான் இருக்கிறது. உடற்கூறு அசல். இந்தச் சொல்லோ அந்த இயலையே கட்டுக்கதை ஆக்கிவிடுகிறது.

நான்கு காலும் முதுகில் இறக்கையுமாக வரையும் டிராகனையே பாருங்கள். பறவை, வௌவால், அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான டெரோசார் மூன்றுக்கும் இறக்கை என்பது உருமாறிய முன்னங்கால்தான். டிராகனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோடி. வரையட்டும், தப்பில்லை. ஆனால் அந்தச் சோடிக்கான தோள்பட்டை எலும்பு எங்கே உட்காரும்? இறக்கையைக் கீழே அடிக்கும் பெரிய தசை பறவைக்கு மார்பில் இருக்கிறது. மார்பெலும்பின் நடுவே கத்திபோல ஒரு முகடு துருத்திக்கொண்டு நிற்பது அந்தத் தசை பற்றிக்கொள்ளத்தான். படங்களில் வரும் டிராகனுக்கோ வேட்டைநாய் மார்பு!

அப்புறம் எடை. உருவம் மாறாமல் உயரம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் நீளம் மூன்று மடங்கான ஓர் எலும்பு அந்த எடையைத் தாங்க எப்படி இருக்கவேண்டும் என்று வரைந்து காட்டியிருக்கிறார். தடிமன் எக்கச்சக்கமாக ஊதிப்போய்ப் பார்க்கவே விகாரமாக இருக்கும். இதில் எதைக் கற்பனை என்பது?

அதனால் 'புனையுயிர் உடற்கூறு' என்கிறேன். புனைபெயர், புனைகதை வரிசையில் இதுவும் வினைத்தொகை. புனைந்த உயிருக்கும் இனிப் புனையும் உயிருக்கும் பொருந்தும்.

மறுமொழி:

புனை சரி. உடற்கூறு வேண்டாமே அம்மா. செய்தித்தாள் படித்துப் பழகியவர்களுக்கு உடற்கூறு என்றதும் பிணவறைதான் நினைவுக்கு வரும். 'மெய்' கையில் இருக்கிறதே! உடம்பும் அதுதான், உண்மையும் அதுதான். 'புனைமெய்' என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி:

இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே. ஒரே சிக்கல், பின்னால் 'இயல்' சேர்த்தால் புனைமெய்யியல் ஆகிவிடும். மெய்யியல் என்றால் தத்துவம். டிராகனை விட்டுவிட்டு ஆன்மாவைத் தேடப் போய்விடுவார்கள். ஆகவே இயல் வேண்டாம். உடம்புக்குப் புனைமெய், அந்த வேலைக்குப் புனைமெய்யமைப்பு. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'இந்த டிராகனின் புனைமெய்யில் மார்பு போதவில்லை.' இடறாமல் ஓடுகிறது ஐயா.