காலாவதியான லோரிக்கு மஞ்சள், விற்ற லோரிக்கும் நிறமில்லை: அக்செஸ் படிவத்தில் நிபந்தனை வடிவூட்டல் தவறுகிறது

கேள்வி – பட்டர்வொர்த் அலுவலகம்

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் சரக்கு லோரிகளை இயக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு லோரிக்கும் சாலை வரி, காப்புறுதி, புஸ்பகோம் (மலேசியாவில் வாகனங்களைப் பரிசோதிக்கும் நிறுவனம்) பரிசோதனை ஆகிய மூன்றின் காலாவதி நாள்களையும் மைக்ரோசாஃப்ட் அக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும் ஒரு தொடர் படிவமாக வைத்திருக்கிறோம். வணிக வாகனங்களுக்குப் பரிசோதனை ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்துவிடுவதாலும், காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது என்பதாலும், எந்த லோரிக்கு எது முடியப்போகிறது என்பது காலையில் படிவத்தைத் திறந்தவுடன் கண்ணில் பட வேண்டும். காலாவதியானவை சிவப்பு, முப்பது நாளுக்குள் முடிபவை மஞ்சள், விற்றுவிட்ட லோரிகள் சாம்பல் என்று நிபந்தனை வடிவூட்டலில், அதாவது கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில், விதிகள் எழுதியிருக்கிறேன். ஆனால் நிறங்கள் நான் நினைத்தபடி வரவில்லை.

சாலை வரிப் பெட்டியில் முதல் விதி [சாலைவரி] <= டேட்() + 30 என்றால் மஞ்சள்; இரண்டாவது விதி [சாலைவரி] < டேட்() என்றால் சிவப்பு. காலாவதியான லோரிகள் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிகின்றன. புஸ்பகோம் பெட்டியில் சிவப்பு விதி முதலில் இருக்கிறது, அங்கே [புஸ்பகோம்] < நவ்() என்று எழுதியிருக்கிறேன்; அதில் இன்றைய நாளோடு முடிகிற லோரி காலையிலேயே சிவப்பாகிவிடுகிறது. காப்புறுதி நாள் இன்னும் பதிவாகாத புதிய லோரிகளுக்கு எந்த நிறமும் வருவதில்லை, உண்மையில் அவைதான் முதலில் கவனிக்கப்பட வேண்டியவை. கடைசியாக, நிலை என்ற காம்போ பாக்ஸில் (கீழ்விரி பட்டியல் பெட்டியில்) "விற்றது" என்று தேர்ந்தெடுத்த லோரிகள் எந்தப் பெட்டியிலும் சாம்பலாவதில்லை; விதி [நிலை] = "விற்றது" என்றுதான் இருக்கிறது.

உடன் பணிபுரியும் ஒருவர், ஒரு பதிவுக்குப் போகும்போது நடக்கும் ஆன் கரெண்ட் என்ற படிவ நிகழ்வில் நிரல் எழுதிப் பின்னணி நிறத்தை மாற்றிவிடலாம் என்றார். அப்படிச் செய்தபோது ஒரு லோரியைச் சொடுக்கினால் படிவத்தில் உள்ள எல்லா லோரிகளும் சேர்ந்து சிவப்பாகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அலுவலகத்தில் இருப்பது புதிய அக்செஸ், ஆனால் லோரி நிறுத்துமிடத்தில் உள்ள கணினியில் இன்னும் அக்செஸ் 2007 தான் ஓடுகிறது. இரண்டிலும் சரியாகத் தெரியும்படி ஒரு வழி இருந்தால் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில் – செந்தூல் நிரலாளர்

வணக்கம் அம்மா. நீங்கள் நான்கு கோளாறுகளையும் தனித்தனியாக, விதியின் வரிகளோடு எழுதியிருப்பதால் காரணத்தைச் சொல்வது எளிதாகிறது. முதல் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அக்செஸ் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் உண்மையாகும் விதியின் நிறத்தைப் பூசிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ளவை உண்மையா பொய்யா என்று அது பார்ப்பதில்லை. எக்செலில் பழகியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு, ஏனென்றால் அங்கே ஒரே கலத்தின் மேல் பல விதிகள் சேர்ந்து செயல்பட முடியும். சென்ற மாதம் முடிந்த சாலை வரி, இன்றிலிருந்து முப்பது நாளுக்குப் பிறகு வரும் நாளைவிடவும் சிறியதுதான் என்பதால், உங்கள் மஞ்சள் விதி அதையும் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு விதிக்கு வாய்ப்பே வருவதில்லை. ஆகவே குறுகிய நிபந்தனை மேலேயும் பரந்த நிபந்தனை கீழேயும் இருக்க வேண்டும். விதி மேலாளர் பெட்டியில் உள்ள மேல், கீழ் அம்புகளால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம், விதியை அழித்து எழுத வேண்டியதில்லை. விற்ற லோரிக்குச் சாலை வரி முடிந்திருந்தாலும் அது சாம்பலாகத்தான் தெரிய வேண்டும் என்பதால், உங்கள் படிவத்தில் சாம்பல் முதலிலும், சிவப்பு அடுத்தும், மஞ்சள் கடைசியிலும் வருவதே சரியான வரிசை.

இரண்டாவது கோளாறு நவ்() என்பதால் வருகிறது. அக்செஸில் நாளும் நேரமும் ஒரே எண்ணாகச் சேமிக்கப்படுகின்றன: முழு எண் நாளையும், பின்னம் நேரத்தையும் குறிக்கும். நேரம் குறிப்பிடாமல் நாளை மட்டும் பதிந்தால் அது அந்த நாளின் நள்ளிரவு 12 மணியாகவே நிற்கும். நீங்கள் காலை 8 மணிக்குப் படிவத்தைத் திறக்கும்போது நவ்() தருவது இன்றைய நாளோடு எட்டு மணி நேரத்தையும் சேர்த்து; ஆகவே இன்றைய நாள் அதைவிடச் சிறியதாகிவிடுகிறது. டேட்() நேரமில்லாத நாளை மட்டும் தருவதால் [புஸ்பகோம்] < டேட்() என்று மாற்றினால் இன்று முடியும் லோரி மஞ்சளில் நின்று, நாளைதான் சிவப்பாகும்.

ஆன் கரெண்ட் நிகழ்வைப் பற்றி ஒரு சொல். தொடர் படிவத்தில் ஐம்பது வரிகள் தெரிந்தாலும் சாலை வரிப் பெட்டி என்பது ஒன்றே ஒன்றுதான். அக்செஸ் அதையே ஒவ்வொரு பதிவின் மதிப்போடும் திரும்பத் திரும்ப வரைகிறது. அந்தப் பெட்டியின் பின்னணியை நிரலால் மாற்றினால் அது வரையப்படும் இடமெல்லாம் மாறும். வரிக்கு வரி வேறு நிறம் வேண்டுமென்றால் நிபந்தனை வடிவூட்டல்தான் வழி, ஆகவே அந்த நிரலை நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் திருத்தும் விதிகளின் விளைவைச் சரியாகப் பார்க்க முடியாது.

பதில் – ஜார்ஜ் டவுன் நூலகர்

வணக்கம். நூலகத்தில் திருப்பித் தரப்படாத நூல்களுக்கு இதே போன்ற படிவத்தைப் பராமரிப்பதால், மீதி இரண்டையும் நான் விளக்குகிறேன்.

காப்புறுதி நாள் பதியப்படாத புலத்தில் இருப்பது பூச்சியமும் அல்ல, பழைய நாளும் அல்ல. அங்கே மதிப்பே இல்லை, இதைத்தான் நல் என்கிறார்கள். நல் மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் ஆகாது, பொய்யும் ஆகாது, மீண்டும் நல் என்றே வரும். விதி உண்மையானால் மட்டுமே நிறம் விழும் என்பதால் அந்தப் பெட்டிகள் வெறுமையாக நிற்கின்றன. [காப்புறுதி] = நல் என்று எழுதினாலும் பயன் இருக்காது, அந்த ஒப்பீடும் அதே குழியில்தான் விழும். இஸ்நல்([காப்புறுதி]) ஆர் [காப்புறுதி] < டேட்() என்று சிவப்பு விதியை எழுதுங்கள்; இஸ்நல் என்பது மதிப்பு இல்லையா என்று பார்க்கும், ஆர் என்பது 'அல்லது'. முதல் பாதி உண்மையாகிவிட்டால் இரண்டாவது பாதி நல் மதிப்பாக இருந்தாலும் முழு விதியும் உண்மையாகவே நிற்கும்.

காம்போ பாக்ஸில் நடப்பது வேறு. கண்ணுக்குத் தெரிவது "விற்றது" என்ற சொல், ஆனால் அட்டவணையில் சேமிக்கப்படுவது பெரும்பாலும் ஓர் எண். காம்போ பாக்ஸின் பண்புகளைத் திறந்து, பவுண்ட் காலம் (சேமிக்கப்படும் நெடுவரிசை) என்பதில் எந்த எண் இருக்கிறது, காலம் விட்த்ஸ் (நெடுவரிசைகளின் அகலங்கள்) என்பதில் முதல் அகலம் பூச்சியமாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நெடுவரிசை பூச்சிய அகலத்தில் மறைந்திருந்து, பிணைப்பும் அதனோடே இருந்தால், விதி ஒப்பிடுவது அந்த மறைந்த எண்ணைத்தான். நிலை அட்டவணையில் விற்றது என்பதற்கு 3 என்ற எண் இருந்தால் [நிலை] = 3 என்று எழுதினால் போதும், மேற்கோள் குறி வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் இது நெடுநாள் கண்ணில் படாமல் இருந்துவிடும். சாலை வரிப் பெட்டியை நகலெடுத்து ஒட்டித்தான் காப்புறுதிப் பெட்டியை உருவாக்கினீர்களா? நகலெடுக்கும்போது விதிகளும் கூடவே வரும், அவற்றில் புலத்தின் பெயர் [சாலைவரி] என்றே இருக்கும். பெட்டி காட்டுவது காப்புறுதி நாளை, நிறம் வருவதோ சாலை வரி நாளைப் பார்த்து. இரண்டும் ஒரே மாதத்தில் முடிகிற லோரிகளில் நிறம் சரியாகவே பொருந்திவிடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஒவ்வொரு பெட்டியின் விதியையும் திறந்து அடைப்புக்குள் இருக்கும் பெயரை வாசித்துப் பாருங்கள்.

அதே போல, பழைய பதிவுகளை எக்செலிலிருந்து கொண்டுவந்திருந்தால் நாள் புலம் உரை வகையாக இருக்கக்கூடும். உரையாக ஒப்பிடும்போது அக்செஸ் இடமிருந்து எழுத்தெழுத்தாகப் பார்க்கும். 05/12/2026 என்பது 28/01/2026 என்பதைவிட முந்தியதாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு: சீரமைப்பைப் பொதுவாக விட்டிருந்தால் உண்மையான நாள் பெட்டியின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், உரை இடப்பக்கம் நிற்கும்.

பதில் – செந்தூல் நிரலாளர்

நூலகர் சொன்னதோடு நாள் பற்றி இன்னும் ஒன்று. நிரலிலோ, அட்டவணையிலிருந்து தரவை எடுத்துத் தரும் வினவலின் எஸ்கியூஎல் வரியிலோ ஒரு குறிப்பிட்ட நாளை # குறிகளுக்கு நடுவில் எழுத நேர்ந்தால், நம் மலேசியக் கணினி அமைப்பு நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருந்தாலும், அக்செஸ் அங்கே மாதத்தை முதலில் வைத்தே படிக்கும். #03/04/2026# என்று ஏப்ரல் 3ஆம் நாளை எண்ணி எழுதினால் அது மார்ச் 4 ஆகிவிடும். #13/04/2026# என்றால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் ஏப்ரல் 13 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்களில் மட்டும் தவறி, மற்ற நாள்களில் சரியாக நடக்கிற கோளாறு என்பதால் இதைத் தேடிப் பிடிப்பது கடினம். டேட்சீரியல்(2026, 4, 3) என்று எழுதிவிட்டால் குழப்பத்திற்கே இடமில்லை.

இப்போது அக்செஸ் 2007 பற்றி. அந்தப் பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் ஒரு பெட்டிக்கு மூன்று விதிகள்தான் வைக்க முடியும். 2010 பதிப்பிலிருந்து ஐம்பது வரை வைக்கலாம். உங்களுக்குச் சாம்பல், சிவப்பு, மஞ்சள் என்று மூன்றே வேண்டும், எதிலும் சேராத லோரி பெட்டியின் இயல்பு நிறத்தில் நிற்கும். ஆகவே இரண்டு கணினிகளிலும் ஒரே படிவம் ஓடும், நான்காவது விதி சேர்க்காதவரை.

ஆனால் மூன்று பெட்டிகளில் மூன்று முறை ஒரே தர்க்கத்தை எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளை முப்பது நாள் என்பதை நாற்பத்தைந்து ஆக்க வேண்டுமென்றால் ஒரு பெட்டி விடுபட்டுப்போகும். படிவத்திற்கு அடிப்படையாக இருக்கும் வினவலில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கணக்கிட்ட நெடுவரிசை சேருங்கள்:

சாலைவரிநிலை: ஐஐஎஃப்([நிலை]=3, 1, ஐஐஎஃப்(இஸ்நல்([சாலைவரி]), 2, ஐஐஎஃப்([சாலைவரி]<டேட்(), 2, ஐஐஎஃப்([சாலைவரி]<=டேட்()+30, 3, 0))))

ஐஐஎஃப் நிபந்தனை உண்மையானால் முதல் மதிப்பையும், இல்லையென்றால் அடுத்ததையும் தரும். பெட்டியின் விதிகள் [சாலைவரிநிலை] = 1 (சாம்பல்), 2 (சிவப்பு), 3 (மஞ்சள்) என்று மட்டும் கேட்கும். இதன் பெரிய நன்மை, வினவலைத் தனியாகத் திறந்து எண்களைக் கண்ணால் பார்க்க முடிவது. எண் சரியாக இருந்து நிறம் தவறினால் கோளாறு விதியில். எண்ணே தவறினால் கோளாறு தரவில். நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு காரணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. விதிக்குள்ளேயே, வேறு அட்டவணையில் மதிப்பைத் தேடும் டிலுக்அப் போன்ற சார்புகளை எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். திரையில் ஒவ்வொரு வரியையும் வரையும்போது அவை மீண்டும் ஓடும், படிவம் உருளும்போது மினுக்கும்.

வரி முழுவதும் சாம்பலாக வேண்டுமென்றால் வடிவமைப்புக் காட்சியில் வரியின் எல்லா உரைப்பெட்டிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து விதியை ஒரே முறையில் கொடுக்கலாம். தேர்வுப்பெட்டிகளுக்கு நிபந்தனை வடிவூட்டல் கிடையாது, அவை அப்படியே இருக்கும்.

பதில் – பட்டர்வொர்த் அலுவலகம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நிலை அட்டவணையில் விற்றது என்பதன் எண் 3 தான். வினவலில் மூன்று நெடுவரிசைகளையும் சேர்த்து, விதிகளை அவற்றோடு இணைத்த பிறகு நான்கு கோளாறுகளும் நீங்கிவிட்டன. நூலகர் ஐயா எச்சரித்தது போலவே காப்புறுதிப் பெட்டியின் மஞ்சள் விதியில் [சாலைவரி] என்ற பெயர் இருந்தது. புதிய விதிகளோடு அதுவும் போய்விட்டது. காப்புறுதி பதியாத லோரிகள் இப்போது சிவப்பில் நிற்பதைப் பார்க்கும்போது மிகுந்த நிம்மதி, சாலைத் தடுப்பில் ஓட்டுநர் மாட்டிக்கொண்ட பிறகு தெரியவருவதைவிட இங்கே தெரிவது எவ்வளவோ மேல்.

ஒரு சிறிய ஐயம் மட்டும். நிறுத்துமிடக் கணினியில் படிவத்தை இரவிலும் மூடுவதில்லை. மறுநாள் காலையில் நிறங்கள் முந்தைய நாளுக்கானவையாகவே இருக்கின்றன. புதிய நாளைப் பதிந்தவுடன் நிறம் மாறாமல் அடுத்த வரிக்குப் போன பிறகு மாறுவதும் உண்டு.

பதில் – செந்தூல் நிரலாளர்

இரண்டும் இயல்புதான் அம்மா. வினவல் ஓடிய நேரத்து டேட்() மதிப்பில் கணக்கிட்டதையே படிவம் வைத்திருக்கும். காலையில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி எஃப் 9 தட்டினால் வினவல் மீண்டும் ஓடி நிறங்கள் புதுப்பிக்கப்படும். ஓட்டுநர்களே பார்க்கிற திரை என்றால் படிவத்தின் ஆன் டைமர் நிகழ்வில் மீ.ரீகுவெரி என்ற வரியை எழுதி, டைமர் இன்டர்வலை 3600000 (மில்லிவினாடிகள்) என்று வைத்தால் மணிக்கு ஒருமுறை தானாகவே நடக்கும். ரீகுவெரி நடந்தால் படிவம் முதல் பதிவுக்குத் திரும்பிவிடும் என்பதால், யாரேனும் பதிவைத் திருத்திக்கொண்டிருக்கும் அலுவலகக் கணினியில் டைமரை வைக்க வேண்டாம்.

இரண்டாவதற்கு, நாள் காட்டும் மூன்று பெட்டிகளிலும், மதிப்பை மாற்றியவுடன் நடக்கும் ஆஃப்டர் அப்டேட் நிகழ்வில் மீ.டர்ட்டி = ஃபால்ஸ் என்று எழுதுங்கள். பதிவு அங்கேயே சேமிக்கப்பட்டு நிறமும் அப்போதே மாறும்.