துபாயில் இறந்த அத்தானின் பணம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

துபாயில் வேலை பார்த்த என் அத்தான் போன மாதம் மாரடைப்பில் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. தகவல் போனதும் வங்கி கணக்கை முடக்கிவிட்டது. நீதிமன்ற வாரிசு உத்தரவு வந்தால்தான் பணமாம். அவருடைய ஏடிஎம் அட்டையை அக்கா இன்னும் பர்ஸிலேயே வைத்திருக்கிறாள்.

அங்கே எல்லாமே ஷரியாதான் என்கிறார்கள் ஊரில். விசாரித்தால் அப்படி இல்லை. அமீரக அரசியலமைப்பின் 7ஆவது பிரிவு ஷரியாவைச் சட்டத்துக்கு ஒரு முக்கிய ஆதாரம் என்கிறது. ஒப்பந்தம், வணிகம் எல்லாம் எகிப்து வழியாக வந்த, பிரெஞ்சுச் சாயல் கொண்ட சிவில் சட்டத்தில் ஓடுகின்றன. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2023 பிப்ரவரி முதல் தனிக் குடும்பச் சட்டமே இருக்கிறது. உயில் இல்லையென்றால் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல்.

சிக்கல் இங்கேதான். நம்மூர் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அக்கா, மகன், மகள், அத்தானின் அம்மா நால்வருக்கும் கால் கால் பங்கு. அங்குள்ள சட்டப்படி அத்தைக்கு ஒன்றுமில்லை. "அவங்க பிள்ளை சம்பாதிச்ச காசு, அவங்களுக்கும் சேரணும்" என்கிறாள் அக்கா.

சொந்த நாட்டுச் சட்டத்தைக் கோரவும் அங்கே வழியிருக்கிறது. துபாய் நீதிமன்றத்தில் அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழோடு வேறு என்ன காட்ட வேண்டியிருந்தது? அக்கா நேரில் போகாமல் பவர் கொடுத்தே முடிக்கலாமா? அப்புறம், அரபு மொழிபெயர்ப்பை இங்கே செய்தீர்களா, அங்கேயா? தயவுசெய்து சொல்லுங்கள்.