ராயபுரம் வீடு: அக்கா ஏறிய விமானம்

அக்கா, இரவு 8:41
சிங்கப்பூரில் விமானம் மாறி உட்கார்ந்துவிட்டேன் அம்மா. இனி நியூயார்க்கில் இறங்கித்தான் பேச முடியும்.

அம்மா, 8:43
பத்திரம்மா. நடுநடுவே எழுந்து நட, கால் வீங்கும்.

அம்மா, 9:20
தம்பி, டிக்கெட்டில் ராத்திரி 11:30 கிளம்பி காலை 6:10 இறங்கும் என்று இருக்கிறது. ஏழு மணி நேரம்கூட வரவில்லை. அவள் பதினெட்டு என்றாளே?

நான், 9:24
ரெண்டும் சரிதான் அம்மா. முதலாவது சிங்கப்பூர் நேரம், அடுத்தது நியூயார்க் நேரம். இந்த மாதம் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். அதையும் சேர்த்தால் 18 மணி 40 நிமிடம். நம் நேரத்துக்கு நாளை மதியம் 3:40.

மாமா, 9:26
எவ்வளவு தூரம் நைனா அது?

நான், 9:31
சுமார் 15,300 கிலோமீட்டர் மாமா. சென்னையிலிருந்து சிங்கப்பூரே 2,900தான். நடுவில் இறங்காமல் போகிற பயணிகள் விமானங்களில் உலகத்திலேயே நீளமான வழி இது.
பாப்பாவின் ஸ்கூல் குளோபில் ஆயாவின் பூக்கட்டும் நூலை வைத்துப் பார்த்தேன். ரெண்டு ஊரிலும் நுனியைப் பிடித்து இறுக்கினால் நூல் நேராக மேலே ஏறி, வடதுருவத்துத் திருகாணியில் மாட்டிக்கொள்கிறது! சிங்கப்பூரிலிருந்து துருவம் 89 டிகிரி, அங்கிருந்து நியூயார்க் 49. ஆக 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர், பெருக்கிப் பாருங்கள்.

ஆயா (பாப்பா தட்டியது), 9:35
பனிக்கட்டி மேலேயா புள்ள போகுது?

நான், 9:36
இல்லை ஆயா. போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கம் சுற்றித்தான் போவார்கள்.

மாமா, 9:37
சுற்றினால் எண்ணெய் கூடுமே?

நான், 9:40
காற்றுக்காக மாமா. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி காற்று ஓடும், ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதை முதுகில் வாங்கிக்கொண்டால் சுற்றுவழியே லாபம்.

மாமா, 9:44
அப்படிச் சொல்லு, கச்சான்! நம்ம மேற்குக் காற்று. கச்சானில் பாய் விரித்தால் கட்டுமரம் தானாகக் கடலுக்குள் ஓடும். கரைக்குத் திரும்புவதுதான் பாடு. உன் தாத்தா கட்டுமரம் இறக்கும்முன் தூரம் கேட்டதில்லை, விடிகாலையில் மணலை எடுத்துத் தூவிக் காற்றைத்தான் பார்ப்பார்.

நான், 9:46
அதேதான் மாமா. இங்கிருந்து லண்டன் போகிற நேரத்தைவிட வருகிற நேரம் குறைவு. தூரம் ஒன்றுதான்.

அம்மா, 9:48
அவ்வளவு நேரமும் ஒரே பைலட்டா?

நான், 9:49
நாலு பேர் அம்மா. முறை வைத்துத் தூங்குவார்கள், படுக்கை உண்டு.

ஆயா, 9:52
மூணரைக்கே போனை சார்ஜ் போட்டு என் கையில் கொடுங்க.

நான், 9:53
இறங்கி, இமிகிரேஷன் வரிசை தாண்டி வரவேண்டும் ஆயா. அஞ்சு மணி என்று வைத்துக்கொள்வோம்.

மாமா, 9:55
மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில்தான் கிடக்கு. மூணரைக்கே வந்து அம்மாகூட உட்கார்ந்துக்கிறேன்.