வரத்துக்காலுக்கு சிமெண்ட் வேண்டாம்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம்.

நம்ம ஊர் ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை சிமெண்டில் கட்டவும் ஊருணியைச் சுற்றிக் கல் பாவவும் நிதி கேட்டுத் தலைவர் அண்ணன் அனுப்பிய மடலைப் படித்தேன். என் பங்கைத் தருகிறேன். ஆனால் அதை சிமெண்டில் போட வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் இங்கே பெய்த மழை நினைவிருக்கும்; எத்தனை பேர் போன் செய்து விசாரித்தீர்கள்! சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வண்டி நிறுத்த வசதி என்று எங்கள் முற்றம் முழுக்க நான் கல் பாவி வைத்திருந்தேன். அன்று ராத்திரி அங்கே விழுந்த தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் கீழ்வீட்டுக்குப் பாய்ந்து, அவர்கள் மதிலைச் சாய்த்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. “மழைக்கு யார் என்ன செய்ய முடியும்” என்றார் அந்த வீட்டு அம்மா. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அப்புறம் பாதிக் கல்லைப் பெயர்த்தேன். வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குச் சட்டி போலப் பள்ளம் வெட்டி, மணலும் மக்கிய உரமும் கலந்து நிரவி, ஈரமும் வறட்சியும் தாங்கும் செடிகளை வைத்தேன். கூரைத் தண்ணீர் இப்போது அங்கேதான் இறங்குகிறது. கொசு வரும் என்று வீட்டில் பயந்தார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். பள்ளமோ ஒரு நாளில் வடிந்துவிடுகிறது. எங்கள் முற்றம் சமதளம் என்பதால் இது சரிப்பட்டது. செங்குத்தான சரிவில் இப்படித் தண்ணீரை ஊறவிட்டால் மண்ணே சரிந்துவிடும். அங்கே நம்ம வெட்டிவேரை வரிசையாக நடலாம். வேர் 3 மீட்டர் வரை நேராக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

நம்ம வரத்துக்காலில் நிற்கும் நாணலும் கோரையும் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து வண்டலை வழியிலேயே படிய வைக்கின்றன. பக்கத்துக் கிணறுகள் ஊறுவதும் அந்த மண் தரையால்தான். சிமெண்ட் போட்டால் தண்ணீர் குப்பையோடு ஓடிவந்து நேரே ஊருணியில் விழும். கிணற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது.

தூர் வாருங்கள். கரையில் வெட்டிவேர் வையுங்கள். ஊருணி வாயில் ஒரு வண்டல் குழி வெட்டுங்கள். டர்பன் மாநகராட்சி அந்தந்தப் பகுதி ஆட்களுக்கே கூலி கொடுத்து ஓடைகளில் குப்பை அள்ள வைக்கிறது. நாமும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஊரில் நாலு பேருக்குக் கூலி கொடுத்து பிளாஸ்டிக்கை எடுக்கச் சொல்லலாம்.

முக்கியமாக, கால்வாயின் இரு பக்கமும் யாரும் மனை போட விடாதீர்கள். 1917இல் இங்கே உம்கேனி ஆறு பெருகியபோது, கரைத்தாழ்வில் தோட்டம் போட்டுக் குடியிருந்த நம்மவர்களைத்தான் வாரிக்கொண்டு போனது. மீனவர்கள் ஆறு பேர் படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரை மீட்டார்கள் என்று இங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

என் பங்கு 25,000 ரூபாயைத் தூர் வாரும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அண்ணே. சித்திரையில் ஊருக்கு வரும்போது வெட்டிவேர் நட நானும் கூட நிற்கிறேன்.